பறவைக்கு இடும் உணவும் பறவை விதைக்கும் மரமும்

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள அடுகோடி, பிராணிகளுக்கு உணவிடுவதை ஒரு விஞ்ஞானமாக வளர்த்த இடங்களுள் ஒன்றாகும். 1923-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இங்குதான் இயங்கி வருகிறது. காந்தியடிகள் 1927-ஆம் ஆண்டில் அந்நிலையத்திற்கு வந்து பசுப் பராமரிப்பைப் பயின்றார். விலங்குகளின் ஊட்டச்சத்தையும் உடலியக்கத்தையும் ஆராயும் தேசிய நிறுவனமும் 1995-ஆம் ஆண்டு முதல் அடுகோடியிலேயே அமைந்துள்ளது. ஒரு பசுவுக்கு எவ்வளவு பசுந்தீவனம், எவ்வளவு உலர்தீவனம், எவ்வளவு தாது உப்பு வேண்டும் என்பதை நிறுத்தும் அளந்தும் கூறும் அறிவு இத்தகைய நிலையங்களின் உழைப்பால் நமக்குக் கிடைத்ததாகும்.

ஆனால் அதே தெருவின் மாடிச்சுவரில் வந்தமரும் குயிலுக்கும் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் நாம் இடும் சோற்றையும் பழத்துண்டையும் எவரும் அளப்பதில்லை. அன்பினால் இடுகிறோம், அத்துடன் அதன் விளைவு முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். பசுவுக்கு இடும் தீவனம் சரியில்லையெனில் பாலின் அளவு அதைக் காட்டிவிடும். காட்டுப் பறவைக்கு இடும் உணவு சரியில்லையெனில் அதைக் காட்டுவது எது? அப்பறவை செய்துவந்த ஒரு வேலை குறைவதுதான். அவ்வேலை, மரங்களின் விதைகளைச் சுமந்து சென்று விதைத்தல் ஆகும். மனிதன் இடும் உணவு அந்த வேலையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

சுவரில் முளைத்த அரசு

பறவை விதைக்கிறது என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய கட்டடங்களின் சுவர் வெடிப்பிலும், கோயில் கோபுரத்தின் இடுக்கிலும், மழைநீர்க் குழாயின் மூட்டிலும் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். அவ்விதைகளை அங்கே யாரும் நடவில்லை. ஆலம்பழத்தையோ அரசம்பழத்தையோ உண்ட ஒரு பறவை அவ்விடத்தில் வந்தமர்ந்து எச்சமிட்டது. எச்சத்தோடு விதையும் விழுந்தது.

இந்தச் சிறு காட்சியில் ஒரு பெரிய விதி அடங்கியுள்ளது. பறவை உண்ட இடத்தில் விதை விழுவதில்லை. உண்டபின் சென்று அமர்ந்த இடத்திலேயே பெரும்பாலும் விழுகிறது. ஆகவே ஒரு மரத்தின் அடுத்த தலைமுறை எங்கே முளைக்கும் என்பதைத் தீர்மானிப்பது, பறவை எங்கே அமர்கிறது என்பதே ஆகும். பறவை அமரும் இடத்தை எது மாற்றினாலும், அது மரம் முளைக்கும் இடத்தையும் மாற்றிவிடும்.

வெப்ப மண்டலக் காடுகளில் உள்ள மர வகைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை, தம் விதைகளைப் பரப்புவதற்குப் பறவைகளையும் விலங்குகளையும் நம்பியுள்ளன. தாய்மரத்தின் அடியிலேயே குவியும் விதைகள் பிழைப்பது அரிது. அங்கே விதையைத் துளைக்கும் வண்டுகளும் நாற்றை அழிக்கும் பூஞ்சைகளும் மிகுந்திருக்கின்றன, நிழலும் மிகுதி. இக்கருத்தை டேனியல் ஜான்சன் 1970-ஆம் ஆண்டிலும் ஜோசப் கானல் 1971-ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துரைத்தனர். எனவே பறவையின் பயணம் மரத்திற்கு உயிர்நாடி போன்றதாகும்.

சுமப்பனவும் அரைப்பனவும்

பழமரத்திற்கு வரும் பறவைகள் அனைத்தும் விதைக்கு நண்பர்கள் அல்ல. அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது பயனுள்ளதாகும்.

முதல் வகை, பழத்தை முழுதாக விழுங்கி, சதையைச் சீரணித்து, விதையைச் சேதமின்றி எச்சத்தின் வழியாகவோ வாய் வழியாகவோ வெளியேற்றும் பறவைகள். குயில், மாங்குயில், கொண்டைக்குருவிகள், குக்குறுவான்கள், மைனாக்கள், காடுகளில் இருவாச்சிகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மிகச் சிறிய மலர்கொத்தியும் இவ்வகையினதே. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் புல்லுருவியின் பிசுபிசுப்பான விதையைக் கிளைக்குக் கிளை கொண்டு சேர்ப்பது இதுவே.

இரண்டாம் வகை, விதையையே உணவாகக் கொள்ளும் பறவைகள். கிளி தன் வளைந்த அலகினால் விதையைப் பிளந்து உட்பருப்பை உண்கிறது. மாடப்புறா விதையை விழுங்கினாலும், சிறு கற்கள் நிறைந்த அதன் தசைமிக்க அரைவைப்பை அதை மாவாக்கிவிடுகிறது. பழமரங்களில் கூட்டமாகக் காணப்படும் பச்சைப்புறாவும் அத்திப்பழத்தின் நுண்ணிய விதைகளைப் பெரும்பாலும் அரைத்துவிடுகிறது. இவை மரத்திற்கு வந்து பழத்தைத் தின்றாலும் விதைத்தொழிலில் பங்கு கொள்வது சிறிதளவே.

மூன்றாம் வகை, பழத்தைக் கொத்திச் சதையை மட்டும் உண்டு, விதையை அங்கேயே உதிர்த்துவிடும் பறவைகள். இவற்றால் விதை தாய்மரத்தின் அடியை விட்டு நகர்வதில்லை.

இப்பாகுபாட்டை மனத்திற் கொண்டால், நாம் இடும் உணவு யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி முக்கியமாகிவிடும். அரிசியும் கம்பும் சோளமும் இறைத்தால் முதலில் பெருகுவன மாடப்புறாவும் கிளியும் ஆகும். சென்னை இராயப்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் இடப்பட்ட அரிசியைத் தேடிப் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான கிளிகள் நாள்தோறும் வந்தது பலரும் அறிந்த செய்தியே. அக்காட்சி கண்ணுக்கு இனியது என்பதில் ஐயமில்லை. அந்த அன்பும் போற்றத்தக்கதே. ஆயினும் தானியம் வளர்ப்பது விதையை அரைக்கும் பறவைகளையே அன்றி விதையைச் சுமக்கும் பறவைகளை அன்று என்பதையும் உடன் அறிந்திருத்தல் வேண்டும்.

பறவையின் குடலில் விதை

பழந்தின்னிப் பறவையின் குடல் குறுகியது; உணவு அதில் நெடுநேரம் தங்குவதில்லை. கொண்டைக்குருவி போன்ற சிறு பறவைகளில் விதை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் வெளியேறிவிடும். பழத்தில் நீரும் சர்க்கரையும் மிகுதி; புரதம் குறைவு. ஆகவே அப்பறவை நாள் முழுவதும் அடிக்கடி உண்ணவும், மரம் விட்டு மரம் செல்லவும் வேண்டியுள்ளது. இந்த ஓயாத அலைச்சலே மரத்திற்குக் கிடைக்கும் இலாபம்.

குடலில் விதைக்கு நேரும் நன்மை யாது? சிலர் கருதுவதுபோல அமிலத்தினால் தோல் மெலிவது மட்டுமே காரணமன்று. பல பழங்களின் சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. சதை ஒட்டியிருந்தால் பூஞ்சையும் எளிதில் பற்றும். பறவை சதையை முற்றிலும் நீக்கிவிடுவதால் அத்தடை அகல்கிறது. பல தாவரங்களில் இதுவே முதன்மையான நன்மையாகும். இதனை ஆசிரியர்கள் பள்ளியிலேயே சோதித்துக் காட்டலாம். முறையைப் பின்னர்க் கூறுவோம்.

சந்தனம் தரும் பாடம்

பெங்களூரைச் சுற்றியுள்ள நிலத்திற்கு நன்கு உரிய மரமான சந்தனம், இப்பொருளை விளக்க மிகவும் ஏற்றதாகும். சந்தன மரம் ஆண்டில் இரு பருவங்களில் காய்க்கிறது. அதன் பழம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ளது. முதிரும்போது கருஞ்செந்நீல நிறம் அடைகிறது. உள்ளே கெட்டியான ஒற்றை விதை உண்டு. குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி, மைனா ஆகியவை இதை விரும்பி உண்கின்றன. நகரின் கல்வி நிலையங்களிலும் பழைய தோட்டங்களிலும் எவரும் நடாத சந்தனக் கன்றுகள் வேலியோரத்திலும் மற்ற மரங்களின் அடியிலும் தாமே முளைப்பதற்கு இப்பறவைகளே காரணம்.

சந்தனத்திற்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. அது பசுமையான இலைகளைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரித்துக்கொண்டாலும், நீரையும் தாது உப்புகளையும் போதிய அளவு பெறுவதற்கு அருகிலுள்ள பிற செடிகளின் வேர்களில் தன் உறிஞ்சு வேர்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதாவது அது ஓர் அரை ஒட்டுண்ணி. விதையில் இருக்கும் சேமிப்பைக் கொண்டு கன்று சில காலம் வாழும். அதற்குள் ஒரு துணைச்செடியின் வேர் அகப்படாவிட்டால் நலிந்து மடியும்.

இப்போது இரண்டு கொண்டைக்குருவிகளை நினைத்துப் பார்ப்போம். முதலாவது, சந்தனப் பழத்தை விழுங்கியபின் பறந்து சென்று ஒரு வேலிப் புதரில் அமர்கிறது. எச்சத்தோடு விழும் விதைக்கு நிழலும் ஈரமும் துணைச்செடியின் வேரும் ஒருங்கே கிடைக்கின்றன. இரண்டாவது, அதே பழத்தை விழுங்கியபின் மாடியில் வைத்துள்ள பப்பாளித் துண்டை நாடிச் சென்று, கைப்பிடிச் சுவரில் அமர்கிறது. விதை சிமிட்டித் தளத்தில் விழுகிறது. மறுநாள் காலை துடைப்பத்தால் கூட்டித் தள்ளப்படுகிறது. இரு பறவைகளும் ஒரே அளவு பழத்தை உண்டன. இரண்டின் வயிறும் நிறைந்தது. ஆனால் ஒன்று ஒரு மரத்தை விதைத்தது, மற்றொன்று விதைக்கவில்லை.

இங்கே பறவையின் மீது குற்றமில்லை. தட்டை வைத்தவரின் எண்ணத்திலும் குற்றமில்லை. தட்டை வைத்த இடத்திலேதான் வேறுபாடு உள்ளது.

உணவுத் தட்டு செய்யும் மூன்று மாற்றங்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், மனிதன் இடும் உணவு பழந்தின்னிப் பறவையின் விதைத்தொழிலை மூன்று வழிகளில் மாற்றக்கூடும் என்பது விளங்கும்.

முதலாவது, அளவு. தட்டில் எளிதாக வயிறு நிறைந்தால் காட்டுப் பழம் உண்பது குறையும். விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பறவை நாளொன்றுக்கு 40 காட்டுப் பழங்கள் உண்பதாக வைத்துக்கொண்டால், அதன் பசியில் பாதியைத் தட்டு தீர்த்துவிடும்போது அது சுமக்கும் விதைகள் 20 ஆகிவிடும். விதை நீக்கி நறுக்கிய பப்பாளியிலும் வாழைப்பழத்திலும் முளைக்கத்தக்க விதை ஏதும் இல்லை. ஆகவே அக்குறைவு எவ்வகையிலும் ஈடு செய்யப்படுவதில்லை.

இரண்டாவது, தூரம். இரை தேடி அலைய வேண்டிய தேவை குறைந்தால் பறவை ஓரிடத்தையே சுற்றி வரும். அடுகோடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே லால்பாக் தோட்டம் உள்ளது. 1760-ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கிய அத்தோட்டம் இன்று சுமார் 240 ஏக்கர் பரப்புடையது. இத்தகைய பெரிய தோட்டங்களுக்கும், தெருவோர மரங்களுக்கும், ஏரிக்கரைப் புதர்களுக்கும் இடையே விதைகளைக் கொண்டு சென்று இணைப்பவை பறவைகளே. அவை ஓரிடத்திலேயே தங்கிவிட்டால் அந்த இணைப்பு தளர்ந்துவிடும்.

மூன்றாவது, இடம். தட்டின் அருகே எச்சம் குவியும். விதைகள் பல இடங்களில் ஒவ்வொன்றாகச் சிதறுவதற்குப் பதிலாக, முளைக்க இயலாத ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

ஆராய்ச்சிகள் கூறுவன

இவை வெறும் ஊகங்கள் அல்ல. பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அஸ்மிதா சென்குப்தா, சிந்து ராதாகிருஷ்ணா ஆகியோரும் கிம் மெக்காங்கியும் மேற்கு வங்காளத்தின் பக்சா புலிகள் காப்பகத்தில் செம்முகக் குரங்குகளை ஆராய்ந்து, 2015-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். சாலை வழியே செல்வோர் குரங்குகளுக்கு உணவு கொடுப்பது அங்கே வழக்கம். அவ்வாறு உணவு மிகுதியாகக் கிடைத்த காலங்களில் குரங்குகள் காட்டுப் பழங்களைக் குறைவாக உண்டன. நடமாடும் பரப்பு சுருங்கியது. விதைகள் சென்ற தூரம் குறைந்தது. பல விதைகள் தார்ச்சாலையிலேயே விழுந்து வீணாயின. அளவு, தூரம், இடம் என்னும் மூன்று மாற்றங்களும் அங்கே ஒருங்கே நிகழ்ந்தன. குரங்கும் பறவையும் வெவ்வேறு பிராணிகளாயினும், பழம் உண்டு விதை பரப்பும் தொழிலில் இரண்டும் ஓரினம் எனலாம்.

மனிதன் இடும் உணவு பழந்தின்னிப் பறவை ஒன்றின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியமைக்கும் வலிமையுடையது என்பதற்கு ஐரோப்பா ஒரு சான்று தருகிறது. கருந்தொப்பிச் சிட்டு என்று நாம் அழைக்கத்தக்க ஒரு சிறு பறவை, மத்திய ஐரோப்பாவில் கூடு கட்டி, குளிர்காலத்தில் ஸ்பெயின் முதலிய தெற்கு நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள சிறு பழங்களையும் ஒலிவக் கனிகளையும் உண்டு, அவற்றின் விதைகளைப் பரப்பி வருவது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவற்றுள் ஒரு பகுதி தெற்கே செல்லாமல் பிரிட்டனுக்குச் செல்லத் தொடங்கின. வீட்டுத் தோட்டங்களில் மக்கள் வைக்கும் தீனியும், முன்னைவிடக் கடுமை குறைந்த குளிர்காலமும் இதற்குக் காரணங்கள் என்று பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையினர் 2015-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். பிரிட்டனுக்குச் செல்லும் பறவைகளின் இறகுகள் சற்றே வட்டமாகவும் அலகுகள் சற்றே ஒடுங்கியும் மாறி வருவதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தனர். பருத்த பழங்களை விழுங்க அகன்ற அலகு உதவும். தோட்டத் தீனிக்கு அது தேவையில்லை. தட்டில் வைத்த ஒரு பிடி உணவு, சில தலைமுறைகளில் பறவையின் உடலமைப்பைத் தொடும் அளவுக்குச் செல்லக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

யாருக்கு உணவு போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு நியூசிலாந்து விடை கூறுகிறது. ஆக்லாந்து நகரில் 18 மாதங்கள் நடத்தப்பெற்று 2015-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனையில், ரொட்டியும் தானியமும் இடப்பட்ட வீட்டுத் தோட்டங்களில், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய வீட்டுச் சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் பெருகின. அந்நாட்டிற்கே உரிய, பூச்சி உண்ணும் ஒரு சிறு பாடும் பறவை குறைந்தது. தானியம் தானிய உண்ணிகளையே அழைக்கிறது, மற்றவை ஒதுங்குகின்றன.

ஊட்டமும் நோயும்

உணவின் தன்மையையும் இங்கே கருதுதல் வேண்டும். பழந்தின்னிப் பறவைகளுங்கூடத் தம் குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் பூச்சி, புழுக்களையே மிகுதியாக ஊட்டுகின்றன. வளரும் உடலுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தேவை. வெறுஞ்சோறும் ரொட்டியும் வயிற்றை நிரப்பும், அச்சத்துகளைத் தரா. உப்பும் எண்ணெயும் கலந்த தின்பண்டங்கள் தீங்கே விளைக்கும். விலங்குக் காட்சிச்சாலைகளில் வளர்க்கப்பெறும் மலை மைனாக்களும் டூக்கான்களும், இயற்கை உணவைவிட இரும்புச்சத்து மிகுந்த தீனியை உண்பதால் கல்லீரலில் இரும்பு தேங்கி நோயுறுவது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த செய்தியாகும். பழத்தையே உண்டு பழகிய உடல், மாறான உணவைத் தாங்குவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஒரே தட்டில் பல பறவைகள் நெருங்கி உண்ணும்போது நோயும் பரவுகிறது. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டில் தொண்டையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர் நோய் தோட்டப் பறவைகளிடையே தோன்றியது. அதனால் பசும்பிஞ்சு என்னும் குருவி இனம் மிகப் பெரிதும் குறைந்துவிட்டது. நோயுற்ற பறவையின் உமிழ்நீர் பட்ட தீனியும் நீருமே அதைப் பரப்பின.

பிடி சோறும் மூட்டைத் தானியமும்

இவ்வளவும் கூறியதனால், பறவைக்கு உணவிடுதல் தவறு என்பது பொருளன்று. உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதும், கணுப் பொங்கலன்று பிடி வைப்பதும் நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கங்கள். அவ்வழக்கங்களின் அளவைச் சற்று நோக்குங்கள்: ஒரு வீட்டுக்கு ஒரு பிடி, அதுவும் பல வீடுகளில் பரவலாக. அது பறவையின் நாளில் ஒரு கணமே. மீதி நாள் முழுவதும் அது தன் இரையைத் தானே தேடியாக வேண்டும். சந்திப்புகளில் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவது அதனின்றும் முற்றிலும் வேறானதாகும். அங்கே பறவையின் முழு நாளும் அவ்விடத்திலேயே கழிகிறது. மும்பையில் தாதர் புறாக்கூடம் உள்ளிட்ட இடங்களில் புறாக்களுக்குத் தீனியிடுவது 2025-ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரத்தின் பொருட்டுத் தடுக்கப்பட்டபோது, அளவு மிகும்போது அறமும் சிக்கலாகும் என்பது நாடெங்கும் பேசப்பட்டது.

பழந்தின்னிப் பறவைக்கு நாம் செய்யத்தக்க சிறந்த உதவி, பழத்தைத் தட்டில் வைப்பதன்று. பழம் தரும் மரத்தை மண்ணில் வைப்பதாகும். நாவல், அத்தி, வேம்பு, சந்தனம் ஆகியவை ஏற்றவை. ஆல், அரசு முதலியவற்றைக் கட்டடங்களுக்குத் தள்ளி, இடம் அகன்ற பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் நடலாம். மற்ற பழங்கள் அரிதாகும் மாதங்களிலும் இவ்வினத்தில் ஏதேனும் ஒரு மரம் பழுத்திருப்பதால் பறவைகளுக்கு இவை பெருந்துணை. மரத்தின் பழத்தை உண்ணும் பறவை விதையையும் உடன் எடுத்துச் செல்கிறது என்பதே தட்டுக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாடு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பறவை நல்ல மரம், தீய செடி என்று பார்த்து விதைப்பதில்லை. நம் காடுகளை மூடிவரும் உண்ணிச்செடியின் கரும்பழங்களையும் கொண்டைக்குருவியும் மைனாவுமே பரப்புகின்றன. ஆகவே பறவைக்காக நடும்போது இம்மண்ணுக்கு உரிய இனங்களையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு: இரண்டு எளிய சோதனைகள்

முதல் சோதனை, முளைப்பைப் பற்றியது. வேப்பம்பழம் உதிரும் சூன், சூலை மாதங்களில் இதைச் செய்யலாம். முழுப் பழங்கள் 25, கையால் சதை நீக்கிக் கழுவிய விதைகள் 25, பறவைகள் அமரும் கிளையின் கீழ் வெள்ளைத் துணி விரித்துச் சேகரித்த விதைகள் 25 என மூன்று தொகுதிகளைத் தனித்தனித் தட்டுகளில், ஒரே வகை மண்ணில், ஒரே ஆழத்தில் ஊன்றுக. வேப்ப விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். எனவே சேகரித்தவுடன் ஊன்றுதல் வேண்டும். நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் குறிக்கச் செய்க. கையால் கழுவிய விதையும் பறவை உதிர்த்த விதையும் ஏறத்தாழ ஒன்றுபோல் முளைத்தால், பறவை செய்த நன்மை சதையை நீக்கியதே என்று மாணவர் தாமே உணர்வர். பறவை எச்சத்தைக் கையாளும்போது கையுறை அணிதலும், பின்னர் சோப்பினால் கை கழுவுதலும் கட்டாயம். உலர்ந்த எச்சத்தைக் கிளறித் தூசி எழுப்புதல் கூடாது.

இரண்டாம் சோதனை, இடத்தைப் பற்றியது. பள்ளியின் அருகே பழுத்த மரம் ஒன்றின் அடியிலும், வேலிப்புதர் ஒன்றின் அடியிலும், உணவுத் தட்டு வைத்துள்ள சுவரின் அடியிலும் ஒரே அளவுள்ள மூன்று துணிகளை ஒரு வாரம் விரித்து வைக்கவும். நாள்தோறும் மாலையில் விழுந்த விதைகளை இனவாரியாக எண்ணவும். அத்துடன், காலையில் அரை மணி நேரம் மரத்தைக் கவனித்து, எந்தப் பறவை பழத்தை விழுங்கியது, எது கொத்தி உதிர்த்தது, எது விதையைப் பிளந்தது என்று மூன்று பத்திகளில் குறிக்கச் செய்யவும். வார முடிவில் மாணவர் கையில் இருப்பது, தம் ஊர்ப் பறவைகளைப் பற்றித் தாமே எழுதிய ஓர் ஆவணமாகும்.

களப்பணியாளர்களுக்கு

காட்டு வழிச்சாலைகளில் உணவிடுவதைத் தடுக்கும்போது, தடை என்று மட்டும் கூறாமல் காரணத்தையும் கூறுதல் நலம். சாலையோரத்தில் உணவு கிடைக்கும் பிராணி சாலையோரத்திலேயே விதையை உதிர்க்கும், வாகனத்திலும் அடிபடும். இவ்விரண்டையும் எடுத்துரைத்தால் பயணிகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வர்.

குடியிருப்புகளில் பறவைக்கு உதவ விரும்புவோருக்கு, கோடையில் நீர் வைக்குமாறு அறிவுறுத்தலாம். இரண்டு அங்குல ஆழத்திற்கு மேற்படாத மண்தட்டு போதும். நாள்தோறும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுதல் வேண்டும். இயன்றவரை அத்தட்டை மாடிச் சுவரில் வைக்காமல், பூனை ஒளிய இடமில்லாதவாறு, மரத்தின் அருகே மண்தரை உள்ள இடத்தில் வைக்கச் சொல்க. நீர் அருந்த வரும் பறவை உதிர்க்கும் விதைக்கு மண் கிடைக்கும்.

தோட்டங்களைத் துப்புரவு செய்யும்போது, வேலியோரத்திலும் மரத்தடியிலும் தாமே முளைத்த கன்றுகளை எல்லாம் களையென்று பிடுங்கிவிடாமல், இன்ன கன்று என்று அறிந்தபின் முடிவு செய்க. அவற்றுள் ஒரு சந்தனமோ வேம்போ இருக்கக்கூடும். பறவை நட்ட கன்றுக்குக் கூலி இல்லை. நாற்றங்கால் செலவும் இல்லை. துணைச்செடியின் அருகே தானே இடம்பிடித்துக்கொண்ட சந்தனக் கன்று, பையில் வளர்த்துப் பிடுங்கி நட்ட கன்றைவிட நல்ல தொடக்கம் பெற்றதாகும்.

முடிவாக, தொழுவத்துப் பசுவுக்கு நாம் உணவிடும்போது அதன் முழு வாழ்க்கைக்கும் பொறுப்பேற்கிறோம். ஆகவேதான் அளந்து இடுகிறோம். காட்டுப் பறவைக்கு அவ்வாறு பொறுப்பேற்க நம்மால் இயலாது. ஏற்க வேண்டியதும் இல்லை. அதன் வயிற்றை நிரப்ப மரங்கள் உள்ளன. அம்மரங்களைப் பெருக்க அப்பறவை உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கலில் நம் தட்டு குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வதும், மரம் குறைந்த இடத்தில் ஒரு மரம் வைப்பதும் நம் கடமையாகும். அடுத்த முறை மாடிச்சுவரில் ஒரு குயில் வந்தமரும்போது, அது எங்கிருந்து வந்தது, எந்த விதையைச் சுமந்து வந்தது, அந்த விதை விழ இங்கே ஒரு பிடி மண்ணேனும் உண்டா என்று நோக்குவோமாக.